பிரசவத் தேதியும் ஒப்பந்தம் முடியும் தேதியும்

வளைகுடா நாடுகளிலுள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஆசிரியர்களின் ஒப்பந்தமும் பெரும்பாலும் அதே கணக்கில்தான் ஓடும். பிப்ரவரியும் மார்ச்சும் பொதுத்தேர்வுக் காலம், ஜூலையும் ஆகஸ்டும் கோடை விடுமுறை. குழந்தை எந்த மாதத்தில் பிறக்கிறது என்பதைப் பொறுத்து ஓர் ஆசிரியையின் மகப்பேறு விடுப்பின் மதிப்பே அங்கே மாறிவிடுகிறது. ஜூன் கடைசியில் பிறந்தால் நிர்வாகத்துக்குத் தொந்தரவு இல்லை, ஏனென்றால் பள்ளி எப்படியும் மூடியிருக்கும். ஆனால் விடுமுறைக்கு எப்படியும் வரவேண்டிய சம்பளம்தான் மகப்பேறு ஊதியம் என்ற பெயரில் வருகிறது, விடுப்பு விடுமுறைக்குள் கரைந்துபோகிறது. பிப்ரவரி நடுவில் பிறந்தால் கதை வேறு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர் தேர்வு நேரத்தில் இல்லை என்ற முணுமுணுப்பு எழும். அதைவிடப் பெரிய சிக்கல், ஐக்கிய அரபு அமீரகத்தின் அறுபது நாள் விடுப்பு ஏப்ரல் நடுவில் முடியும்போது ஒப்பந்தம் மார்ச் 31 அன்றே முடிந்திருக்கும்.

சட்டப் புத்தகத்தில் இந்த இருவருக்கும் ஒரே எண்ணிக்கையில்தான் நாட்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

இந்தியாவுக்கு வெளியே சிபிஎஸ்இ இணைப்புப் பெற்ற பள்ளிகள் இருநூறுக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை வளைகுடாவில் இருக்கின்றன. பாடம் எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் போனவர்கள் ஏராளம். இவர்களுடைய மகப்பேறு விடுப்பைப் பற்றிய பேச்சு எப்போதும் ‘அங்கே எத்தனை நாள் தருகிறார்கள்?’ என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. நாட்களின் எண்ணிக்கையைவிடக் கனமான கேள்விகள் இரண்டு. அந்த நாட்களுக்கான சம்பளம் யார் பையிலிருந்து போகிறது? ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது? இந்த இரண்டுக்கும் நல்ல விடை இல்லாத இடத்தில் அறுபது நாள் தொண்ணூறு நாளானாலும் ஆசிரியைக்குப் பெரிய லாபமில்லை.

எண்ணிக்கையை முதலில் முடித்துவிடுவோம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 1980ஆம் ஆண்டுச் சட்டம் 45 நாட்கள் தந்தது; ஓராண்டு பணி முடித்தவருக்கு முழுச் சம்பளம், முடிக்காதவருக்குப் பாதி. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டம் அதை 60 நாட்களாக்கியது: முதல் 45 நாள் முழுச் சம்பளம், அடுத்த 15 நாள் அரைச் சம்பளம். ஓராண்டு நிபந்தனையும் போயிற்று. கத்தாரில் 50 நாள், ஆனால் ஓராண்டு பணி முடித்திருக்க வேண்டும். பஹ்ரைனில் சம்பளத்துடன் 60, வேண்டுமானால் சம்பளமில்லாமல் இன்னும் 15. குவைத்தில் 70. சவூதி அரேபியாவில் பத்து வாரமாக இருந்தது 2025 பிப்ரவரி முதல் பன்னிரண்டு வாரம் ஆகியிருக்கிறது. ஓமனில் 50 நாளாக இருந்தது 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரே தாவலில் 98 நாள் ஆயிற்று. பதினான்கு வாரம் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2000ஆம் ஆண்டில் தன் 183ஆம் உடன்படிக்கையில் வைத்த குறைந்தபட்ச அளவு. இந்தியாவில் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியைக்கு 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதம்.

ஒரே பி.எட். பட்டத்தோடு அரசுப் பள்ளிக்குப் போனவருக்கு ஓராண்டு, ஷார்ஜாவுக்குப் போனவருக்கு இரண்டு மாதம். வரியில்லாச் சம்பளத்துக்கு ஆசைப்பட்டுப் போனவர் இதையும் யோசித்துத்தானே போயிருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பலர் சம்பளத்துக்காகப் போனவர்களே அல்லர். கணவருக்கு அங்கே வேலை. கூடப் போனவர் சும்மா இருக்க வேண்டாமென்று பள்ளியில் சேர்கிறார். கணவரின் விசாவில் இருந்துகொண்டு வேலைக்கான அனுமதியை மட்டும் பள்ளி எடுத்துக்கொடுக்கும். ‘நீங்கள் எங்கள் விசாவில் இல்லை, அதனால் இந்தச் சலுகை கிடையாது’ என்று சொல்லப்பட்டால் நம்பிவிட வேண்டாம். அமீரகத்தில் முறையான வேலை அனுமதியுடன் பணிபுரிபவர் யார் விசாவில் இருந்தாலும் தொழிலாளர் சட்டம் அவருக்கும் பொருந்தும்.

அறுபது நாள் என்பது நடைமுறையில் எப்படிச் செலவாகிறது? முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். ஒற்றைக் குழந்தையைச் சுமப்பவரைப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் 36 வாரத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. ஆகவே பிரசவத் தேதிக்கு நான்கு வாரம் முன்பாவது ஊர் வந்தாக வேண்டும். அறுபதில் 28 போயிற்று, மிச்சம் 32. அந்த 32 நாளில் உடம்பு தேற வேண்டும், மாநகராட்சியில் பிறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும், குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், அமீரகத்துக்குள் நுழைய அதற்கு விசா வாங்க வேண்டும். குழந்தை நான்கு நாள் தாமதித்துப் பிறந்தால் அந்த நாட்களையும் இதிலேயே கழித்துக்கொள்ள வேண்டும். சம்பளமில்லா விடுப்புக்குப் பள்ளி ஒப்புக்கொண்டாலன்றி இது ஆகிற காரியமில்லை.

அதனால் மகள் வருவதற்குப் பதில் அம்மா புறப்படுகிறார். விசிட் விசா முப்பது நாளுக்கும் கிடைக்கும், அறுபது நாளுக்கும் கிடைக்கும். அறுபது நாள் விசாவில் சுக்கும் பூண்டும் மிளகும் சுமந்துகொண்டு வந்து பத்தியச் சமையல் செய்து, குழந்தையைக் குளிப்பாட்டிப் பழக்கிக் கொடுத்துவிட்டு, மகளின் விடுப்பு முடியும் வாரத்திலேயே அவரும் விமானம் ஏற வேண்டியிருக்கிறது. யாராவது உதவிக்கு நிச்சயமாக வேண்டிய நாளில் வீட்டில் ஆளில்லை. 45 நாள் நிறைந்த குழந்தையைச் சேர்த்துக்கொள்ளும் நர்சரிகள் அங்கே உண்டு, கட்டணம்தான் பள்ளிச் சம்பளத்தில் பெரும் பங்கைக் கேட்கும்.

சம்பளத்தையும் பார்த்துவிடலாம். மாதம் 4,000 திர்ஹம் வாங்குபவர் என்று வைத்துக்கொள்வோம். முதல் 45 நாளுக்கு 6,000, அடுத்த 15 நாளுக்கு அரைக் கணக்கில் 1,000. ஆக 7,000 திர்ஹம். இதே காலத்தில் அவருடைய வகுப்புகளை எடுக்கப் பள்ளி இன்னொருவரை அமர்த்தினால் அவருக்கும் சம்பளம் தர வேண்டும். அமீரகம், கத்தார், குவைத் எல்லாவற்றிலும் தனியார் துறையில் வேலை செய்யும் வெளிநாட்டுப் பெண்ணின் மகப்பேறு ஊதியம் முழுவதையும் முதலாளியே ஏற்க வேண்டும். அரசோ காப்பீட்டு நிதியோ ஒரு காசு பகிர்வதில்லை. பெண் ஆசிரியர்களே நிறைந்த பள்ளிக்கு இது சிறிய செலவல்ல. நிர்வாகங்களைக் கொடியவர்களாகக் காட்டுவது எளிது. ஆனால் ஒரு சட்டம் ஒரு சமூகச் செலவை ஒரே ஒரு தோளில் ஏற்றினால், அந்தத் தோள் நழுவப் பார்க்கும். நேர்காணலில் ‘குழந்தை எத்தனை, அடுத்தது உண்டா?’ என்ற விசாரிப்பு வருவதும் இங்கிருந்துதான்.

நழுவும் வழிகளில் நேரடியானது பணிநீக்கம். அதை அமீரகச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது: கர்ப்பத்தையோ மகப்பேறு விடுப்பையோ காரணமாக்கி வேலையிலிருந்து நீக்கக் கூடாது, நீக்குவதாக முன்னறிவிப்பும் தரக் கூடாது. பஹ்ரைன் சட்டத்திலும் இத்தகைய காப்பு உண்டு. ஆகவே விவரம் தெரிந்த நிர்வாகம் நீக்குவதில்லை, புதுப்பிக்காமல் விடுகிறது. 2021இல் இயற்றப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்த அந்தப் புதிய சட்டத்தின்படி அமீரகத் தனியார் துறையில் எல்லா ஒப்பந்தங்களும் காலவரையறை உள்ளவை. காலவரையற்ற ஒப்பந்தம் என்ற பழைய வகையே நீக்கப்பட்டுவிட்டது. முடிவுத் தேதி வந்ததும் ஒப்பந்தம் தானாக முடிகிறது. யாரும் யாரையும் நீக்கவில்லை, எனவே நீக்கியதற்குக் காரணம் கேட்கவும் இடமில்லை. கர்ப்பத்துக்காக நீக்குவதைத் தடுக்கும் அதே சட்டம், ஒப்பந்தம் இயல்பாக முடியும் வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. ஜனவரியில் வயிறு தெரிய வரும் ஆசிரியைக்கு ஏப்ரலில் புது ஒப்பந்தம் வராவிட்டால், அது கர்ப்பத்தால்தான் என்று அவர் எப்படி நிரூபிப்பார்? நிரூபிக்கும் சுமை முதலாளியுடையது என்று 183ஆம் உடன்படிக்கை சொல்கிறது. ஆனால் அங்கே பேசப்படுவதும் பணிநீக்கம் மட்டுமே.

இன்னொரு வழி மென்மையானது. ‘இப்போது ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், நிம்மதியாகக் குழந்தையைப் பாருங்கள், அடுத்த ஆண்டு மறுபடி எடுத்துக்கொள்கிறோம்’ என்று அன்போடு கேட்கும் பள்ளிகள் உண்டு. கேட்பவரும் பெரும்பாலும் ஒரு பெண்ணாகத்தான் இருப்பார். தலைமையாசிரியை அல்லது மேற்பார்வையாளர். எழுதிக் கொடுத்தால் மகப்பேறு ஊதியம் போகும். அதோடு பணிக்கொடைக் கணக்கும் அறுந்துபோகும். அமீரகத்தில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள் என்று பணிக்கொடை கணக்கிடப்படுகிறது. ஆறாம் ஆண்டில் இருப்பவர் விலகிவிட்டு மறுபடி சேர்ந்தால் ஒன்றாம் ஆண்டிலிருந்து எண்ண வேண்டும். அந்த அன்பான யோசனைக்கு இப்படி ஒரு விலை இருப்பதை அறையில் யாரும் சொல்வதில்லை.

ஒப்பந்தத் தேதிச் சிக்கலுக்கு இந்தியாவில் விடை கிடைத்திருக்கிறது. டெல்லியில் அரசு சார்ந்த மருத்துவமனை ஒன்றில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் இருந்த பெண் மருத்துவர் 2017 ஜூன் 1 முதல் மகப்பேறு விடுப்பு கேட்டார். அவருடைய ஒப்பந்தம் ஜூன் 11 அன்று முடிகிறது. பதினோரு நாள்தான் தர முடியும் என்றது நிர்வாகம். உயர் நீதிமன்றமும் அதையே ஏற்றது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. மகப்பேறு நலன் ஒப்பந்தக் காலத்தோடு கட்டப்பட்டதல்ல, தகுதிக்கான பணிநாட்களை முடித்த பெண்ணுக்கு ஒப்பந்தம் முடிந்த பிறகும் அது தொடரும் என்று தீர்ப்பளித்து, முழு 26 வாரத்துக்கான தொகையையும் தரச் சொன்னது. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலேயே இதற்கான வித்து இருந்தது: கர்ப்ப காலத்தில் வேலையிலிருந்து விடுவித்தாலும் அந்த நலனைப் பறிக்க முடியாது என்றது அதன் 12ஆம் பிரிவு.

இது கடல் தாண்டாது. இந்தியச் சட்டம் இந்தியாவுக்குள் மட்டும்தான். சென்னையில் நேர்காணல் நடத்தி, இந்தியப் பாடத்தை நடத்த, இந்திய வாரியத்தின் இணைப்புப் பெற்ற பள்ளிக்கு ஆள் எடுத்தாலும், வேலை நடக்கும் இடத்துச் சட்டமே ஆளும். அதில் குறை சொல்லவும் முடியாது. எந்த நாடும் தன் மண்ணில் பிற நாட்டுத் தொழிலாளர் சட்டத்தை அனுமதிக்காது.

பள்ளிக் காலண்டரைப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. அது இருப்பது யாரும் எதிர்பார்க்காத இடத்தில், அமெரிக்காவில். 1993ஆம் ஆண்டின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தில் ஆசிரியர்களுக்கென்றே தனி விதிகள் உண்டு. கோடை விடுமுறை வாரங்களை விடுப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பருவம் முடிய ஓரிரு வாரம் இருக்கும்போது திரும்புபவரைப் பருவ முடிவுவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லப் பள்ளிக்குச் சில நிலைகளில் உரிமையுண்டு, ஆனால் அந்தக் கூடுதல் நாட்களை அவருடைய விடுப்பில் கழிக்க முடியாது. ஜூன் குழந்தைக்கும் பிப்ரவரி குழந்தைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சட்டம் கண்டுகொண்டது இங்கேதான். ஆனால் அந்தப் பன்னிரண்டு வாரத்துக்கும் சம்பளமில்லை. ஓராண்டு பணி முடித்திருக்கவும் வேண்டும். ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் மூன்றாண்டுகளுக்கு அங்கே போகும் இந்திய, பிலிப்பைன்ஸ் ஆசிரியைகளுக்கு முதல் ஆண்டில் அந்தக் காப்பும் இல்லை. மற்ற நாடுகள் காலண்டர் விதியை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம், சம்பள விஷயத்தில் கற்றுக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை.

சம்பளக் கேள்விக்கு வளைகுடாவில் உருப்படியான விடை சொல்லியிருப்பது ஓமன். மஸ்கட் இந்தியப் பள்ளி 1975இல் தொடங்கிய நாளிலிருந்து தலைமுறைகளாக இந்திய ஆசிரியைகள் பணிபுரியும் நாடு அது. 2023ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் மகப்பேறு விடுப்புக் காப்பீடு ஒன்றை உருவாக்கியது. 2024 ஜூலை 19 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. முதலாளி ஒவ்வொரு ஊழியருக்கும் சம்பளத்தில் ஒரு சதவீதத்தை நிதியத்துக்குச் செலுத்த வேண்டும். ஊழியர் ஓமானியா வெளிநாட்டவரா, ஆணா பெண்ணா என்ற வேறுபாடு இல்லை. பிரசவம் ஆனால் 98 நாளுக்கான முழுச் சம்பளத்தை நிதியம் தருகிறது.

இதன் கணக்கு அழகானது. மாதம் 300 ரியால் வாங்கும் ஆசிரியைக்குப் பள்ளி செலுத்துவது 3 ரியால். அவர் பிரசவ விடுப்பில் போனால் வரும் செலவு சுமார் 980 ரியால். அதில் பள்ளிக்குப் பங்கில்லை. அதைவிட முக்கியம், பக்கத்து மேசையில் இருக்கும் ஆண் கணக்கு ஆசிரியருக்கும் அதே 3 ரியாலைப் பள்ளி செலுத்தியாக வேண்டும். பெண்ணை எடுத்தால் கூடுதல் செலவு என்ற எண்ணத்துக்கு அடிப்படையே போய்விடுகிறது. மாற்று ஆசிரியைக்கான அலைச்சல் மட்டும் மிஞ்சும். மகப்பேறு ஊதியத்தைத் தனி முதலாளியின் தலையில் கட்டாமல் காப்பீட்டிலோ பொது நிதியிலோ தர வேண்டும் என்று 183ஆம் உடன்படிக்கை வற்புறுத்துவதும் இதனால்தான். 98 என்ற எண்ணைத்தான் எல்லாரும் பேசினார்கள். என் பார்வையில் அந்த ஒரு சதவீதம்தான் சீர்திருத்தம்.

அபுதாபியின் பாதை வேறு. 2024 செப்டம்பர் முதல் அங்கே தனியார் துறையில் வேலை செய்யும் அமீரகக் குடிமக்களான பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு 90 நாளாக்கப்பட்டது. குடிமக்களைத் தனியார் துறைக்கு இழுக்கும் நோக்கம் அதில் தெரிகிறது. அது அந்த அரசின் உரிமை. ஆனால் ஒரே ஆசிரியர் அறையில், ஒரே வகுப்புக்குப் பாடம் எடுக்கும் இரண்டு தாய்மார்களில் ஒருவருக்கு 90 நாளும் மற்றவருக்கு 60 நாளும் என்றாகிவிட்டது. தையல் பிரிப்பதற்கும் பால் சுரப்பதற்கும் குடியுரிமை ஏது?

வேலைக்குத் திரும்பிய பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. அமீரகச் சட்டப்படி பிரசவத்திலிருந்து ஆறு மாதம்வரை நாள்தோறும் பாலூட்ட மொத்தம் ஒரு மணி நேரம் உண்டு, ஒரே இடைவேளையாகவோ இரண்டாகவோ. அலுவலகத்தில் இது எளிது. பள்ளியில் அது கால அட்டவணை போடுபவரின் கையில் இருக்கிறது. கடைசிப் பாடவேளையைக் காலியாக வைத்துக் கொடுத்தால் அந்தத் தாய் முன்கூட்டியே வீடு போய்விடலாம். ஒரு சதம் செலவில்லாத உதவி. அட்டவணையில் மூன்றாம் வேளையும் ஆறாம் வேளையும் காலி என்று போட்டுவிட்டு, உரிமையைக் கொடுத்தாயிற்று என்று சொன்னால், அந்த இரண்டு இடைவேளையிலும் அவர் நோட்டுத்தான் திருத்திக்கொண்டிருப்பார். குழந்தை இருபது கிலோமீட்டருக்கு அப்பால்.

மீறல் நடந்தால் போக இடமில்லாமல் இல்லை. அமீரகத்தில் 50,000 திர்ஹம்வரையான தகராறுகளை 2024 முதல் மனிதவள அமைச்சகமே தீர்த்து வைக்கிறது. மகப்பேறு ஊதியம் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்ளேயே வந்துவிடும். வேலை முடிந்து இரண்டு ஆண்டுவரை உரிமை கோரலாம். சட்டம் தருவதைவிடக் குறைவாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அந்த வரி செல்லாது. ஆனாலும் புகார் கொடுப்பவர்கள் குறைவு. இந்தியப் பள்ளிகளின் உலகம் சிறியது. அடுத்த பள்ளி முந்தைய பள்ளிக்கு ஒரு போன் போட்டுக் கேட்கும் என்ற அச்சமே போதும், வாய் மூடிக்கொள்ள.

அதனால் எல்லாவற்றையும் தனி ஆசிரியையின் துணிச்சலுக்கு விட்டுவிட முடியாது. இந்திய அரசு செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. செவிலியர்கள் விஷயத்தில் அது தலையிட்டது. மோசடி முகவர்களின் தொல்லை அதிகரித்தபோது, 2015இல் பதினெட்டு நாடுகளுக்குப் போகும் செவிலியர்களுக்குக் குடிபெயர்வு அனுமதியைக் கட்டாயமாக்கி, ஆள்சேர்ப்பை அரசு முகமைகளின் கையில் கொடுத்தது. 1978இல் தொடங்கிய தமிழ்நாட்டின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் அவற்றில் ஒன்று. ஆசிரியைகளோ பட்டதாரிகள், அவர்களுடைய பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. படித்தவர், தன்னைப் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. விளைவு, அவர்களுடைய ஒப்பந்தத்தை இந்திய அரசின் எந்தக் கண்ணும் பார்ப்பதில்லை. செவிலியர்களுக்குப் போட்ட கெடுபிடி ஆசிரியைகளுக்கும் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதனால் வேலை கிடைப்பதே தாமதப்பட்டவர்கள் உண்டு. ஒப்பந்தத்தைப் பதிவு செய்தால் போதும், தடுக்க வேண்டியதில்லை.

சிபிஎஸ்இ இன்னும் நேராகச் செய்யலாம். ஆய்வகத்தின் பரப்பளவையும் நூலகத்தையும் கேட்டுத்தான் அது ஒரு பள்ளிக்கு இணைப்புத் தருகிறது. அதே படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்க்கட்டும்: கடந்த இணைப்புக் காலத்தில் மகப்பேறு விடுப்பில் போன ஆசிரியைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு அடுத்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது? இந்த எண்களை வெளியிட வைப்பது எந்த நாட்டின் இறையாண்மையையும் தொடாது. இந்தியத் தூதரகங்களின் மேற்பார்வையில் நடக்கும் சவூதியின் இந்தியப் பள்ளிகளில் இதை நாளைக்கே தொடங்கலாம். கர்ப்ப காலத்திலோ விடுப்பிலோ ஒப்பந்தம் முடிந்தால் விடுப்பு முடியும் நாள்வரை அது நீளும் என்று ஒரே ஒரு வரியை அந்தப் பள்ளிகளின் ஒப்பந்தத்தில் சேர்ப்பதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னதன் சாரமும் அதுதான். இந்திய அரசின் கொடி பறக்கும் பள்ளிகளாவது முதலில் அதைச் செய்யட்டும்.